பிரிட்டிஷ் ஸ்பீட்வே கிளப்புகள் ஒரு பையனையாவது வளர்த்தனவா?

மெத்தனால்:
நீள்வட்ட மண் தடத்தில் நான்கு நான்கு பைக்குகளாக ஓடும் பந்தயமான ஸ்பீட்வே பற்றிப் பக்கத்து இழையில் பிராண்டன்_வெள்ளி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பிரிட்டனில் ஸ்பீட்வே கிளப்புகளைக் கொன்றது ரியல் எஸ்டேட்காரர்களும் நாய்ப் பந்தயக் கம்பெனிகளும்தான், கிளப் நடத்தினவர்கள் மீது ஒரு தப்பும் இல்லை" என்கிறார். நாற்பது வருடமாக டென்மார்க்கிலிருந்து ஒருவன், ஸ்வீடனிலிருந்து ஒருவன், ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு பேர் என்று ஆள் பிடித்தே அணி கட்டினார்கள். சம்பாதித்த காசெல்லாம் ரைடர்கள் எடுத்த புள்ளிக்குக் கூலியாக, புள்ளிக் காசாக, வெளியே போனது. உள்ளூர்ப் பையன் ஒருவனையாவது சொந்தமாக வளர்த்து உலக சாம்பியன் ஆக்கியதுண்டா? பதில் சொல்லுங்கள்.

பிராண்டன்_வெள்ளி:
டாய் வொஃபிண்டன். 2013, 2015, 2018 உலக சாம்பியன். போதுமா? ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர். 2006ல் அதே ஸ்கன்தார்ப்பில் மூன்றாம் நிலை லீக்கில் ஓட்டினார். அடுத்த வருடம் ரை ஹவுஸ். 2013ல் முதல் பட்டம் வாங்கியபோது வுல்வர்ஹாம்ப்டன் ரைடர். மூன்றும் பிரிட்டிஷ் கிளப்.

இதில் உனக்கு உறைக்க வேண்டிய விஷயம் வேறு. அந்த மூன்றில் ரை ஹவுஸ் 2018ல் சீசன் பாதியிலேயே மூடியாகிவிட்டது. வுல்வர்ஹாம்ப்டனை 2023 சீசனோடு மான்மோர் கிரீன் மைதானத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். மைதானம் லேட்புரோக்ஸ் கம்பெனி கையில், அவர்களுக்கு நாய்ப் பந்தயம்தான் முக்கியம். பையனை வளர்த்த கிளப்பின் காலடி மண்ணை உருவிவிட்டு "ஏன் வளர்க்கவில்லை" என்று கேட்கிறாய்.

மெத்தனால்:
வொஃபிண்டன் சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். வளர்ந்தது பெர்த்தில். பின் சக்கரத்தை வழுக்கவிட்டுச் சைடு போட்டு ஓட்டக் கற்றது பெர்த்தில். இங்கே வந்து இறங்கும்போதே ஓட்டத் தெரிந்த ரைடர். நீங்கள் வளர்த்ததாகச் சொல்வது யாரோ சமைத்ததைப் பரிமாறிவிட்டுப் பேர் வாங்குவது.

பிராண்டன்_வெள்ளி:
அப்பா பிரிட்டனில் ஓட்டினவர். பையன் பிறந்தது ஸ்கன்தார்ப். சின்னப் பையனாகப் பெர்த்தில் ஓட்டினது பயிற்சியா? அப்படிப் பார்த்தால் தெருவில் சைக்கிள் விட்டதும் பயிற்சிதான். 500 சிசி வண்டியில், லீக்கில், வாரா வாரம் பெரியவர்களோடு முட்டி மோதித் தேறினது இங்கே. ஸ்கன்தார்ப், ரை ஹவுஸ், வுல்வர்ஹாம்ப்டன். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

வேலணை:
இரண்டு பேரும் சாம்பியனைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் ஒரு சாதாரணப் பொடியனைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன் 125 சிசியில் தொடங்கி, 250க்குப் போய், இப்போது 500ல் நிற்கிறான். தகப்பன் பிளம்பர். வேனின் ஒரு பக்கம் குழாய்ச் சாமான், மறுபக்கம் பைக். முக்கிய மேட்ச் முடிந்தபிறகு செகண்ட் ஹாஃப் என்று ஜூனியர்களுக்கு இரண்டு மூன்று ஹீட், அதாவது நான்கு பேர் ஓடும் குட்டிப் பந்தயம், கொடுப்பார்கள், அதற்காக வாரா வாரம் போய்க் காத்துக்கிடப்பான். புது டயருக்குக் காசில்லை. தகப்பன் பின் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த டயரை மறுபக்கம் திருப்பி மாட்டி, தேயாத விளிம்பு வெளியே வருகிற மாதிரி வைத்துக் கொடுப்பார். கை முழுக்கச் செம்மண்.

அப்புறம் ஒரு மழை தூறினால், ஒரு ஹீட்டில் யாராவது விழுந்து ஆம்புலன்ஸ் போய்த் திரும்ப நேரமானால், சத்தக் கட்டுப்பாட்டு நேரம் வந்துவிடும். முதலில் வெட்டுவது செகண்ட் ஹாஃபைத்தான். பொடியன் உடுப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வருவான். எந்தக் கிளப் என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அவன் அங்கேதான் போகவேண்டும்.

பிராண்டன்_வெள்ளி:
வேலணை அண்ணா, அந்தத் தகப்பனைக் கும்பிடுகிறேன். ஆனால் கிளப்காரன் பக்கமும் பாருங்கள். டாக்டரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் ஒரு ஹீட்கூடத் தொடங்க முடியாது. செகண்ட் ஹாஃப் நடக்க அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். அந்தக் காசை யார் தருவது? டிக்கெட் வாங்கினவர்களில் பாதிப் பேர் முக்கிய மேட்சின் கடைசியான பதினைந்தாம் ஹீட் முடிந்ததுமே கார் பார்க்குக்குப் போய்விடுகிறார்கள்.

கணக்கை ஒரு தடவை எழுதுகிறேன், மெத்தனாலும் படிக்கட்டும். ஹீட்டுக்கு 3, 2, 1 என்று ஆறு புள்ளி. பதினைந்து ஹீட், யாரும் விழாமல் முடித்தால் 90. ரைடர் கிளப் ஊழியர் இல்லை. சொந்த பைக், சொந்த மெக்கானிக், எடுத்த புள்ளிக்குக் காசு. நம் மைதானத்தில் 55-35 என்று ஜெயித்தால் 55 புள்ளிக்கும் நாம்தான் கொடுக்கவேண்டும். வெளியூர் மேட்சில் கேட் வசூல் அந்த ஊர் கிளப்புக்கு, ஆனால் நம் ரைடருக்குக் கொடுப்பது நாம். நன்றாக ஓட்டினால் ரைடரின் புள்ளிச் சராசரி, ஆவரேஜ், ஏறும். ஆவரேஜ் ஏறினால் அடுத்த வருடம் அணியின் மொத்த ஆவரேஜுக்கு வைத்திருக்கும் புள்ளி வரம்புக்குள் அடங்காது, ஜெயித்த அணியையே பிரிக்கவேண்டும்.

ஒர்க்கிங்டன் 2018ல் இரண்டாம் நிலை லீக்கை ஜெயித்தது, நாக்அவுட் கோப்பையையும் ஜெயித்தது. 2019ல் ஓடவில்லை, காசில்லை. ஸ்விண்டன் 2019ல் மேல் லீக்கான பிரீமியர்ஷிப்பின் சாம்பியன். அடுத்த வருடம் கொரோனாவில் லீக்கே இல்லை, அதற்குப் பிறகு அவர்கள் மைதானமான பிளன்ஸ்டனில் ஒரு ஹீட் நடக்கவில்லை. பீட்டர்பரோ 2021 சாம்பியன், 2023 முடிந்ததும் மைதானம் போயிற்று. ஜெயித்தவர்களே செத்தார்கள் ஐயா. இதில் ஆள் பிடித்த தப்பு எங்கே இருக்கிறது?

மெத்தனால்:
நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். புள்ளிக்குக் காசு என்பதால்தான் கிளப் உடனே புள்ளி எடுக்கிறவனைத் தேடுகிறது. பதினாறு வயதுப் பையனை உள்ளே போட்டால் பூஜ்யம், ஒன்று என்றுதான் எடுப்பான். மேட்ச் தோற்கும், கூட்டம் குறையும். அதனால் அவனைப் போடுவதில்லை. 2021ல் ரைசிங் ஸ்டார் என்று சட்டம் போட்டு அணிக்கு ஓர் இளம் ரைடர் இடம் கட்டாயம் ஆக்கவேண்டி வந்ததே ஏன்? தானாகச் செய்திருந்தால் சட்டம் எதற்கு?

வொஃபிண்டனுக்கு இன்னும் பதில் வரவில்லை. பெர்த்.

தோருன்_ரசிகன்:
போலந்தைப் பாருங்கள். அங்கே மேல் லீக்கான எக்ஸ்ட்ராலீகாவில் ஒவ்வொரு அணியிலும் 21 வயதுக்குட்பட்ட போலிஷ் ஜூனியர்கள் இரண்டு பேர் கட்டாயம். 2021லிருந்து 24 வயதுக்குட்பட்டவருக்குத் தனி இடம். கிளப்புக்குக் கிளப் பள்ளி இருக்கிறது. ஸ்மார்ஸ்லிக் கோஜுஃப் கிளப்பில் சின்னப் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர், இன்று ஆறு உலகப் பட்டம். மைதானங்கள் பெரும்பாலும் நகராட்சியுடையவை. தோருனில் 2009ல் மோட்டோஅரீனா கட்டிக் கொடுத்தார்கள், கூரையோடு. மனமிருந்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

பிராண்டன்_வெள்ளி:
வந்துவிட்டார் போலந்து வக்கீல். தம்பி, நீ சென்னையில் உட்கார்ந்து யூட்யூபில் பார்க்கிறவன். மூன்றாம் வளைவில் நின்று முகத்தில் செம்மண் வாங்கினதுண்டா?

நகராட்சி காசு கொடுக்கும், டிவி காசு கொடுக்கும், ஊர்க் கம்பெனி கிளப்பின் பேரோடு தன் பேரைச் சேர்க்கக் கொட்டிக் கொடுக்கும். அது இருந்தால் நானும் பள்ளி நடத்துவேன். அதையும் மீறி 2014க்குப் பிறகு செஸ்டோகோவா கிளப் காசுப் பிரச்சினையில் மேல் லீக்கில் இடம் இழந்தது. ரெஷூஃபுக்கு 2019ல் உரிமமே கிடைக்கவில்லை. உன் கோஜுஃபே 2024ல் கடனில் தத்தளித்தது. அதையும் எழுது.

தோருன்_ரசிகன்:
சென்னையில் இருந்து பார்த்தால் கணக்கு மாறிவிடுமா? நான் கேட்டது ஜூனியர் இடம். இரண்டு பேர் கட்டாயம், பல வருடமாக. உங்கள் ஊரில் ஓர் இடத்தையே 2021ல்தான் கொண்டுவந்தார்கள். கடன்பட்ட கோஜுஃப்தான் ஸ்மார்ஸ்லிக்கைக் கொடுத்தது. காசு இருந்த காலத்தில் உங்கள் கவென்ட்ரி கிளப் யாரைக் கொடுத்தது?

பிராண்டன்_வெள்ளி:
கவென்ட்ரியைப் பற்றிப் பேசாதே. 2005, 2007, 2010 லீக் சாம்பியன்கள் நாங்கள். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் மைதானம் இருந்த பிராண்டன் பக்கம் போகும் பஸ்ஸில் எங்கள் கறுப்பு மஞ்சள் மஃப்ளர் இல்லாத ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 2016தான் கடைசி சீசன். நிலத்தை வாங்கினவர்கள் வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். மைதானத்தைப் பூட்டிவைத்து உடைய விட்டார்கள். ரக்பி ஊர் கவுன்சில் 2022ல் வீட்டுத் திட்டத்தை மறுத்தது, அடுத்த வருடம் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். தோற்றும் என்ன, பைக் ஓடவில்லையே. அந்த ஊரில் பத்து வயதில் ஓட்டத் தொடங்கியிருக்க வேண்டிய பையன்கள் எல்லாம் இப்போது இருபதைத் தொடப் போகிறார்கள். அவர்களை யார் வளர்த்திருப்பார்கள்? சொல்.

மெத்தனால்:
ஒவ்வொரு இழையையும் பிராண்டன் ஒப்பாரியாக மாற்றவேண்டாம் அண்ணா. கவென்ட்ரிக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஈஸ்ட்போர்னுக்கு என்ன நடந்தது? 2021ல் சீசன் நடுவில் விலகியது. நியூகாஸில் 2022ல் அதே மாதிரி ஜூலையில் நின்றது. அங்கே யாரும் வீடு கட்ட வரவில்லையே. கையில் இருப்பதைவிட அதிகம் செலவழித்தார்கள், அவ்வளவுதான். பூல் பாருங்கள், 2020 சீசனுக்கு மேல்நிலை லீக்கை விட்டு இரண்டாம் நிலைக்கு இறங்கியது, செலவைக் குறைத்தது, இன்றும் வாரா வாரம் ஓடுகிறது. நடத்தத் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள்.

பிராண்டன்_வெள்ளி:
பூல் மைதானம் கவுன்சிலுடையது. எடுத்துப் பார். நான் சொல்வதும் அதுதான். மைதானம் யார் கையில் என்பதுதான் கேள்வி. கிளாஸ்கோ முதலாளிகள் ஆஷ்ஃபீல்டு மைதானத்தைத் தாங்களே வாங்கினார்கள், அதனால் தைரியமாக ஓட்டினார்கள். லெஸ்டரில் 2011ல் புதுத் தடம் போட்டது நகராட்சி நிலத்தில். வாடகைக்கு இருப்பவனைப் பார்த்து "பையனுக்கு ஐந்து வருடத் திட்டம் போடு" என்கிறாய். அடுத்த அக்டோபரில் வெளியே போ என்பார்கள் என்று தெரிந்தால் எவன் 125 சிசிக்குத் தனித் தடம் போடுவான்?

வேலணை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். தடத்தை வாரத்தில் ஒரு நாள் பொடியன்களுக்குத் திறந்துவிட என்ன செலவு? டிராக்டர், தண்ணீர் வண்டி, முதலுதவி ஆள். பெற்றோர் சேர்ந்து காசு போடத் தயார். நாங்கள் கேட்டோம். "காப்பீடு ஒத்துவராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வாரமே ஒரு வெளிநாட்டு ரைடருக்கு விமான டிக்கெட் போட்டார்கள்.

பிராண்டன்_வெள்ளி:
விமான டிக்கெட் போடாவிட்டால் அந்த வாரம் ஓர் ஆள் குறைந்து ஆறு பேரோடு ஓடவேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு விசா வேறு. அதற்கும் கிளப்தான் அலையவேண்டும். இருந்தும் பையன்கள் வரவில்லை என்று சொல்லமுடியாது. 2021ல் மான்செஸ்டரில் ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் ஜெயித்தோம். 1989க்குப் பிறகு முதல் உலக அணிப் பட்டம். வொஃபிண்டன் அடிபட்டு இல்லை. பியூலி, லாம்பர்ட், பிரென்னன். மூன்று பேரும் இங்கத்திப் பையன்கள். பியூலி கம்ப்ரியாவிலிருந்து வந்தவர், மான்செஸ்டர் கிளப்பான பெல் வியூவின் சின்ன அணியில் ஓட்டி மேலே வந்தார், 2022ல் உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றான கார்டிஃப் கிராண்ட் பிரியை ஜெயித்தார். இதற்கு என்ன சொல்கிறாய்? அவரும் பெர்த்தா?

மெத்தனால்:
நான் கேட்டது உலக சாம்பியன். அணிப் பட்டம் இல்லை. பியூலி இதுவரை உலக சாம்பியன் இல்லை. ஆகவே வொஃபிண்டன் ஒருவர்தான், அவரும் பெர்த்.

பிராண்டன்_வெள்ளி:
மார்க் லோரம், 2000. கேரி ஹேவ்லாக், 1992. இரண்டு பேரும் இந்த லீக்கில் வளர்ந்தவர்கள். வேண்டுமா இன்னும்?

மெத்தனால்:
1992! நான் பிறக்கவே இல்லை. இன்றைக்கு மைதானத்துக்கு வருகிற பையனிடம் ஹேவ்லாக் பேரைச் சொன்னால் யார் என்று கேட்பான்.

பிராண்டன்_வெள்ளி:
கேட்டால் தப்பு அவனுடையது இல்லை, சொல்லிக்கொடுக்காத உன்னுடையது.

தோருன்_ரசிகன்:
மான்செஸ்டர் என்றதும் ஒன்று. பெல் வியூவுக்கு அரசுக் காசில் புது மைதானம் கிடைத்தது, 2016ல். முதல் நாளே தடம் சரியில்லை என்று பீட்டர் கிரேவன் நினைவுப் போட்டியை நிறுத்தினார்கள். மைதானம் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. அந்த நிர்வாகமும் அதோடு போனது.

பிராண்டன்_வெள்ளி:
ஒரு நாள் தடம் சரியில்லாததை வைத்துக் கொண்டு பேசுகிறான். அதே மைதானத்தில்தான் 2021 பட்டம் வந்தது. அதே மைதானத்தில்தான் 2022ல் பெல் வியூ லீக்கை ஜெயித்தது. அங்கேதான் கோல்ட்ஸ் என்ற அந்தச் சின்ன அணியில் பையன்கள் ஓட்டுகிறார்கள். மைதானம் நிலைத்தது, பையன்கள் வந்தார்கள். நீ எனக்கு உதவி செய்கிறாய் தம்பி, தெரியவில்லையா?

தோருன்_ரசிகன்:
முதல் போட்டி நடக்கவில்லை என்பது உண்மையா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

பிராண்டன்_வெள்ளி:
சென்னையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நான் ஆம் இல்லை சொல்லவேண்டிய அவசியமில்லை.

வேலணை:
யாரிடமாவது பழைய 250 சிசி பிரேம் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். பொடியனின் தம்பியும் ஓட்டவேண்டும் என்கிறான். தகப்பன் வேனில் குழாய்களைக் கூரைமேல் கட்டிவிட்டு இடம் பண்ணுகிறார்.

மெத்தனால்:
என்னிடம் இல்லை அண்ணா, விசாரித்துச் சொல்கிறேன். பிராண்டன்_வெள்ளி, நாளைக்கு ஈஸ்ட்போர்ன் பற்றி எழுதுங்கள். அதைத் தொடவே இல்லை நீங்கள்.

பிராண்டன்_வெள்ளி:
எழுதுகிறேன். முதலில் நீ வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பதில் சொல். நீ அதைத் தொடவே இல்லை.