புதுப்பிப்பு: பேர்ட்ஸ்வில் பாதைக்கு ஒரு ஸ்டெப்னி போதுமா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கி.மீ.க்கு மேல் மண் சாலை, ஒரு ஸ்டெப்னி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டு கொண்டுபோகச் சொன்னவர்களுக்கு நன்றி. இரண்டுமே தேவைப்பட்டன!

வழியிலுள்ள முங்கரானிக்கு வடக்கே முதல் டயர் போனது. கிப்பர் என்கிற கூர்க்கற்கள் பக்கவாட்டில் கிழித்துவிட்டன. பஞ்சர் பிளக் அங்கே நிற்காது. தரையில் படும் பகுதியில் விழும் ஓட்டைக்குத்தான் அது. சரி, மாற்றலாம் என்றால் நட்டு அசையவில்லை. கடையில் ஏர் கன்னால் அப்படி முறுக்கியிருந்தார்கள். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்துத்தான் கழற்றினேன். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும்.

அப்புறம், காற்று. தார்ச்சாலையில் 40 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். முதல் டயர் போன பிறகு 28-க்குக் குறைத்து, 70 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினேன். பேர்ட்ஸ்வில் வரை தொல்லையில்லை. அங்கே காற்றடித்துவிட்டுத் திரும்பும்போது குறைக்க மறந்தேன். இரண்டாவது டயர் போனது அப்போதுதான்.

கையடக்க கம்ப்ரசரும் காற்றழுத்தமானியும் இப்போது வண்டியிலேயே கிடக்கின்றன.