அறுபதாம் கல்யாணம் பூங்காவிலா, ஊரிலா?

குழு: வண்ணாமடை வீடு

கொழிஞ்சாம்பாறை அத்தை: ஆனியில் தம்பிக்கு அறுபது நிறைகிறது. மண்டபத்துக்கு இப்போதே சொல்லி வைக்கலாம் என்று பார்த்தால், அந்த மாதம் அவர்கள் இருவரும் அமெரிக்காவில் இருப்பார்களாமே. எனக்கு யார் சொல்கிறார்கள்?

பெரியப்பா: பதில் எழுதுகிறவர்கள் முழு வாக்கியமாக எழுதுங்கள். சென்ற முறை வெறும் கட்டைவிரல் படங்களை வைத்துப் பேசியதால்தான் கிணற்றுப் பங்கு விவகாரம் குழம்பியது.

நியூயார்க் அக்கா: அத்தை, என் பேறுகாலத்துக்காகத்தான் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஆகவே சடங்கை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அருகில், பிராங்க்ஸில், வான் கோர்ட்லாண்ட் பூங்கா இருக்கிறது. 1888-இல் நகரம் வாங்கிய நிலம் அது. 1,146 ஏக்கர் பரப்பில் காடும் ஏரியும் விளையாட்டுத் திடல்களும் உள்ளன. ஒன்றாம் எண் ரயில் 242-ஆம் தெருவில், பூங்காவின் வாசலிலேயே முடிகிறது. இருபது பேருக்கு மேல் கூடினால் பூங்காத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். அதை ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுவேன்.

பொள்ளாச்சி மாமா: ஹோமம் எங்கே வளர்ப்பது?

நியூயார்க் அக்கா: அதுதான் சிக்கல், மாமா. இறைச்சி சுடுவதற்கென்று ஒதுக்கிய இடங்களைத் தவிர வேறெங்கும் தீ மூட்டக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை அத்தை: கறி சுடும் அடுப்பில் ஆயுள் ஹோமமா! சிவ சிவா.

நான்: ஹோமத்தைக் கோயிலில் முடித்துவிட்டு, பந்தியை மட்டும் பூங்காவில் வைக்கலாமே.

கொழிஞ்சாம்பாறை அத்தை: பந்தியைப் பற்றி நான் பேச மாட்டேன். இவள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தீர்கள்.

பெரியப்பா: அந்த இடத்தின் வரலாறு என்ன?

நியூயார்க் அக்கா: வான் கோர்ட்லாண்ட் குடும்பத்தின் பண்ணையாக இருந்த இடம், பெரியப்பா. அவர்கள் 1748-இல் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. பிராங்க்ஸிலேயே பழைய வீடு அதுதான். பின்னால் உள்ள குன்றில் அவர்களுடைய கல்லறை இருக்கிறது. 1776-இல் போர் வந்தபோது நகரத்தின் ஆவணங்களை அந்தக் கல்லறைக்குள்தான் ஒளித்து வைத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் நெடுந்தூர ஓட்டப் பந்தயங்கள் நடக்கும் காட்டுப்பாதைகளும் இங்கே இருக்கின்றன.

கொழிஞ்சாம்பாறை அத்தை: கல்லறையா? மங்கல காரியத்தைச் சுடுகாட்டுப் பக்கமா வைக்கப் போகிறீர்கள்?

நியூயார்க் அக்கா: குன்று தனியாக இருக்கிறது, அத்தை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பண்ணையில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களைப் புதைத்த இடமும் பூங்காவுக்குள் இருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் முதலில் அங்கே போய் வணங்கிவிட்டு வாருங்கள். உழைத்தவன் கிடக்கும் மண் தீட்டு ஆகாது. நம் தோப்பிலும் யார் யார் கிடக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா?

பொள்ளாச்சி மாமா: தோப்பு என்றால் இப்போது எந்தப் பங்கு?

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

சித்தி: அவருக்கு முழங்கால் வலி. காட்டுப்பாதையில் ஏறச் சொல்லாதே, கண்ணு.

நியூயார்க் அக்கா: ஏற வேண்டியதே இல்லை, அம்மா. பழைய புட்னம் ரயில் தடம் பூங்காவின் நடுவே போகிறது. பயணிகள் ரயில் 1958-இல் நின்றுபோனது. இப்போது அதைத் தார்ப்பாதையாக்கியிருக்கிறார்கள். ரயில் போன வழி என்பதால் மேடு பள்ளம் கிடையாது. அப்பா தினமும் காலையில் அதில் நடக்கலாம்.

சின்னத் தம்பி: உலகக் கோப்பைக்காக 34,000 பேர் அமரும் கிரிக்கெட் அரங்கம் கட்டப் பார்த்தது இந்தப் பூங்காவில்தானே?

நியூயார்க் அக்கா: ஆமாம், 2023-இல். வாரந்தோறும் அங்கே ஆடுகிற கிரிக்கெட் சங்கத்தாரே தங்கள் ஆடுகளங்கள் பறிபோகும் என்று எதிர்த்தார்கள், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் லாங் ஐலண்டில் உள்ள ஐசனோவர் பூங்காவுக்கு மாற்றினார்கள். 2024 ஜூன் 9-இல் நாம் பாகிஸ்தானை ஆறு ரன்னில் வென்றது அங்கேதான்.

சின்னத் தம்பி: உலகக் கோப்பையையே வேண்டாம் என்று கிரிக்கெட் ஆடுகிறவர்களே சொன்னார்களா!

பெரியப்பா: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதக் கூத்துக்காக ஊர்த் திடலை விட்டுக் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

சித்தப்பா: காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் உண்டா?

நியூயார்க் அக்கா: உண்டு, அப்பா. கோடைதான் ஆட்டக் காலம். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய திடலில் நாள் முழுவதும் ஆடுவார்கள். கயானா, ஜமைக்கா ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள்.

சித்தப்பா: அப்படியானால் எனக்குப் பூங்கா சம்மதம்.

கொழிஞ்சாம்பாறை அத்தை: இவன் மாலையோடு பந்து பொறுக்கப் போவான், நான் இங்கே உட்கார்ந்து போனில் பார்க்க வேண்டுமா? திரும்பி வந்த பிறகு ஆவணியில் ஊரிலும் ஒரு முறை வையுங்கள்.

சித்தி: இரண்டு முறை தாலி கட்டலாமா?

பெரியப்பா: ஜோசியரை நாளைக் காலையில் வேலந்தாவளத்தில் பார்க்கிறேன். அவர் நாள் சொல்லும்வரை யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பொள்ளாச்சி மாமா: தாய்வீட்டுச் சீர் என் பொறுப்பு என்பதால், புடவைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை அத்தை: என்ன நிறம்?