பலாவில் பிஞ்சுகள் கறுத்து உதிர்கின்றன: மருந்து அடிக்கலாமா?

செம்மண்காடு:
பண்ருட்டி பக்கம் செம்மண் நிலம். கொட்டை போட்டு வளர்ந்த பலா, ஏழு வயது. கார்த்திகையிலிருந்து கிளை நுனிகளில் விரல் நீளப் பிஞ்சுகள் நிறைய வந்தன. தை பிறந்ததும் அவற்றின் மேல் பூஞ்சாணம் படர்ந்து, கறுத்து, கொத்துக் கொத்தாக விழுகின்றன. அடிமரத்தில் ஐந்து மட்டும் நிற்கின்றன, அதிலும் ஒன்று காம்போரம் கறுத்துவிட்டது. மருந்துக் கடையில் பூஞ்சாணக்கொல்லியை மரம் முழுக்க அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

வேர்ப்பலா:
பொறுங்கள் ஐயா. நுனியிலிருந்து விழுபவை பிஞ்சுகளே அல்ல, ஆண் பூங்கதிர்கள். பலா பூக்காமலே காய்க்கும் என்று சொல்வது வழக்கம். பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நூற்றுக்கணக்கில் ஒரே கதிரில் நெருங்கியிருக்கும், அதனால் அப்படித் தோன்றுகிறது. ஒரே மரத்தில் ஆண் கதிரும் பெண் கதிரும் தனித்தனியாக வரும்.

காம்பைப் பாருங்கள். ஆண் கதிரின் காம்பு மெல்லியது, பெரும்பாலும் கிளை நுனியில் இருக்கும், மேல்தோல் ஓரளவு வழவழப்பு. முதிர்ந்ததும் மஞ்சள் தூள் ஒட்டும், இனிப்பான வாசம் வரும். பெண் கதிரின் காம்பு தடித்தது. கதிரும் காம்பும் சேரும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று தெளிவாகத் தெரியும். மேல்தோல் சொரசொரப்பு. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கிளம்பும் சிறு துளிர்களில்தான் பெரும்பாலும் தொங்கும்.

தூள் உதிர்த்து முடித்த ஆண் கதிருக்கு மரத்தில் வேலையில்லை. கறுத்து விழுவது அதன் இயல்பு. காய்ப்புக்கு வரும் முதல் பருவங்களில் ஆண் கதிர்களே அதிகம் இருக்கும். நூறு விழுந்தாலும் கவலை வேண்டாம்.

தோப்புக்காரர்:
அது சரி. ஆனால் அடிமரத்தில் கறுத்த ஒன்றை விட்டுவிடக் கூடாது. அது ரைசோபஸ் அழுகல். விழுந்த ஆண் கதிர்களில் வளரும் அதே பூஞ்சாணம், ஈரமும் நிழலும் கிடைத்தால் இளங்காய்க்கும் தாவும். முதலில் காம்போரம் நீர் கோத்தது போல் மிருதுவாகும், பிறகு சாம்பல் நிற இழை, கடைசியில் கரித்தூள் போல வித்துகள்.

அந்தக் காயைக் காம்போடு அறுத்துத் தோப்புக்கு வெளியே புதைத்துவிடுங்கள். மரத்தடியில் கிடப்பதையும் வாரம் இருமுறை கூட்டி அள்ளுங்கள். காய்களை ஒட்டிக் கிடக்கும் சருகை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். அதற்கு மேலும் பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம், அடிமரத்துக் காய்களும் காம்பும் நனையும்படி 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை. மரம் முழுக்க அடிப்பது வீண்செலவு.

அடிக்கும் முன் கறுத்த காயை வெட்டிப் பாருங்கள். உள்ளே சுரங்கமும் புழுவின் கழிவும் இருந்தால் அது காய்த்துளைப்பான் வேலை, பூஞ்சாண மருந்து கேட்காது. துளைத்த காய்களைப் பறித்து அழித்து, மற்றவற்றுக்குச் சாக்குப் பை கட்டுவதே நம்பகமான வழி.

மலையடிவாரம்:
மரம் முழுக்க அடிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலாவின் நெருங்கிய உறவான சம்படாக்கை மலேசியாவின் சாரவாக் காடுகளில் ஆராய்ந்தபோது, ஆண் கதிரில் படரும் பூஞ்சாணத்தை உண்டு வளரும் மிகச் சிறிய ஈக்களே மகரந்தம் சுமப்பது தெரிந்தது. பூஞ்சாணம் என்றாலே பகை என்று எண்ண வேண்டியதில்லை. ஆகவே மரத்தில் நிற்கும் ஆண் கதிர்களை விடுங்கள், விழுந்ததை மட்டும் அகற்றுங்கள்.

பழத்தின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராதது வெறும் சடையாகத் தங்கும். ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் ஒட்டிய கோணல் பழம் வந்தால் குறை மகரந்தச் சேர்க்கையில்தான். ஒற்றை மரமாக நின்றால் கையாலும் செய்யலாம்: மஞ்சள் தூள் ஒட்டும் ஆண் கதிரைக் காலையில் பறித்து, பெண் கதிரில் மெல்லிய சூல்முடிகள் நீட்டியிருக்கும்போது சுற்றிலும் இலேசாகத் தேய்க்க வேண்டும். எல்லாப் பூவும் ஒரே நாளில் விரியாது, இரண்டு மூன்று காலை தொடருங்கள்.

செம்மண்காடு:
வெட்டிப் பார்த்தேன், புழு இல்லை, அழுகல்தான். இன்னொன்று: அடிமரத்தில் வரும் சிறு துளிர்களை வருடந்தோறும் சுத்தமாகக் கழித்துவிடுவது வழக்கம். அதுதான் பெண் கதிர் குறையக் காரணமா?

வேர்ப்பலா:
பெரும்பாலும் அதுதான். காய் தொங்க வேண்டிய இடத்தையே கழித்திருக்கிறீர்கள்! நேராக மேலே ஓடும் நீள்போத்துகளை மட்டும் எடுங்கள். அறுவடை முடிந்ததும் காய்ந்த பழைய காம்புகளைப் பட்டை சிதையாமல் வெட்டிவிடுங்கள், அடுத்த துளிர் அந்தத் தழும்பை ஒட்டியே வரும். ஒரு காம்பில் இரண்டு மூன்று பிடித்திருந்தால் ஒன்றை நிறுத்தி மற்றதைப் பலாமூசாகவே பறித்துப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவாமல் தொட்டால் பால் பிசின் போகாது.

காய் பெருக்கும் மாதங்களில் வாரம் ஒரு தண்ணீர், பாத்தியில் மூடாக்கு. தண்ணீர் தேங்க மட்டும் விடாதீர்கள். வேரில் நீர் நின்றால் இலை தொங்கி, வளர்ந்த மரமும் பட்டுப்போகும்.