தலை அல்ட்ராசவுண்ட் இயல்பாக இருந்தும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி:
என் தங்கையின் குழந்தை பிறந்தவுடன் அழவில்லை. மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று கூறி, மூளைப் பாதிப்பைக் குறைப்பதற்காக 72 மணி நேரம் உடலைக் குளிரூட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள் எடுத்த தலை அல்ட்ராசவுண்டில் குறையேதும் இல்லை என்றவர்கள், இப்போது ஐந்தாம் நாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். இது அவசியந்தானா? மயக்க மருந்து கொடுப்பார்களோ என்றும் அஞ்சுகிறோம்.

பதில் 1 (பச்சிளங்குழந்தை மருத்துவர்):
அவசியம். உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட், இரத்தக்கசிவு போன்றவற்றைக் கண்டறிய உதவும். ஆக்ஸிஜன் குறைவினால் வரும் பாதிப்போ முதல் நாளில் அதில் பெரும்பாலும் புலப்படாது. எம்.ஆர்.ஐ.யின் ஒரு பகுதியான டிஃப்யூஷன் படம், செல்கள் வீங்கி நீரின் அசைவு குறைந்த இடங்களைச் சில நாட்களிலேயே காட்டிவிடும். ஆனால் ஒரு வாரத்தை ஒட்டி அந்த அடையாளம் மங்கத் தொடங்கி, பாதிப்பு இருந்தும் இல்லாததுபோல் தோன்றக்கூடும் என்பதால், குளிரூட்டல் முடிந்து உடல் வெப்பம் இயல்புக்குத் திரும்பியதும் படம் எடுத்துவிட விரும்புகிறோம். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றி, காதுகளை மூடிவிட்டால் குழந்தை உறங்கிவிடும். சி.டி. ஸ்கேனில் இருப்பதுபோன்ற கதிர்வீச்சும் இதில் கிடையாது.

பதில் 2 (குழந்தை நரம்பியல் பிரிவில் பணிபுரிபவர்):
அறிக்கையில் 'பாதிப்பு உள்ளது' என்ற வரியை மட்டும் கண்டு கலங்கிவிடாதீர்கள். எந்த இடத்தில் என்று கேளுங்கள். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ், பேசல் காங்லியா ஆகியவை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால், பெருமூளை வாதம் (உடல் அசைவையும் தசைக் கட்டுப்பாட்டையும் பாதிக்கும் நிலை) வரும் வாய்ப்பு அதிகம். அசைவுக்கான நரம்பிழைகள் செல்லும் இன்டர்னல் காப்ஸ்யூலின் பின்பகுதி, நிறைமாதக் குழந்தையின் டி1 படத்தில் (எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் ஒரு வகைப் படம்) வெண்மையாகத் தெரிய வேண்டும். அந்த வெண்மை காணாமல் போனால் நாங்கள் கவலைப்படுவோம். பெரிய இரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றும் இரத்தம் வழங்கும் பகுதிகள் சந்திக்கும் எல்லைகளில் மட்டும் பாதிப்பு இருந்தால், நடப்பதைவிடப் பிற்காலத்தில் கற்றலிலும் பேச்சிலும் சிரமம் தெரியலாம். படம் இயல்பாக வந்தாலும் 2 வயது வரையாவது வளர்ச்சிப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டிஃப்யூஷன் படமும் சேர்த்து எடுக்கிறார்களா என்று நாளைக் காலை கேட்கிறேன். அறிக்கை வந்ததும், தலாமஸ் பற்றிய வரியை மருத்துவரிடமே விளக்கச் சொல்லிக் கேட்டு, தங்கைக்கு நானே எடுத்துச் சொல்வதாக இருக்கிறேன்.