அப்பா ரிட்டயர்மெண்ட் பணம் 10 லட்சம், வட்டிய முழுசா செலவு பண்ணலாமா?

கோத்தகிரி பொண்ணு:
அப்பா டீ எஸ்டேட்ல இருந்து ரிட்டயர் ஆயிட்டாங்க, வயசு 60. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 10 லட்சம் வந்திருக்கு. டெபாசிட்ல போட்டுட்டு வட்டிய வாங்கி சாப்பிடலாம், முதல் அப்படியே இருக்கும்ங்கறாங்க. எனக்கு என்னமோ இடிக்குது, விலைவாசி இப்படி ஏறும்போது அந்த 10 லட்சம் எப்படி அப்படியே இருக்கும்?

குன்னூர் குமார்:
இடிக்கறது சரிதாங்க. பாஸ்புக்ல 10 லட்சம்னு தான் இருக்கும், ஆனா விலை வருஷம் 5 சதம் ஏறுச்சுன்னா 5 வருஷம் கழிச்சு அத வச்சு இன்னைக்கு 7.8 லட்சத்துக்கு வாங்கற பொருள் தான் வாங்க முடியும். வட்டில இருந்து விலையேத்தத்த கழிச்சா மிச்சம் என்னவோ அது தான் உண்மையான வட்டி. 2020-21ல ரிசர்வ் பேங்க் ரெப்போ ரேட் (பேங்குகளுக்கு அது கடன் குடுக்கற வட்டி) 4 சதம், அதனால பெரிய பேங்க்லயே ஒரு வருஷ டெபாசிட்டுக்கு 5 சதம் சுத்தி தான் குடுத்தாங்க, அந்த வருஷம் விலைவாசி 6.2 சதம் ஏறுச்சு. வட்டி வாங்கியும் நஷ்டம், நிறைய பெரியவங்களுக்கு அது தெரியவே இல்ல, நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஊட்டி ரவி:
போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டம் பாருங்க. 2023 ஏப்ரல்ல 8.2 சதம் ஆக்கினாங்க, போடற அன்னைக்கு என்ன வட்டியோ அதே தான் 5 வருஷமும், அதனால போடறதுக்கு முன்னாடி இந்த காலாண்டுக்கு எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க. 8.2ன்னா 10 லட்சத்துக்கு 3 மாசத்துக்கு ஒருக்கா 20,500 வரும். விலையேத்தம் 5 சதம்னா அதுல 12,500 முதலோட மதிப்ப காப்பாத்தவே போயிடும், தைரியமா செலவு பண்ணலாம்னா 8,000 தான்.

கோத்தகிரி பொண்ணு:
அண்ணா 3 மாசத்துக்கு 8,000ன்னா வீட்டுக்கு காய்கறிக்கே பத்தாதே!

கூடலூர் அக்கா:
பத்தாது தான்மா. ரவி சொல்ற கணக்கு சரி, ஆனா அப்பா அம்மா வாழறதுக்கு தான அந்த பணம், முழுசா அப்படியே விட்டுட்டு போகணும்னு கட்டாயம் இல்ல. முதல் கரையுதுன்னு தெரிஞ்சே கரைக்கறது வேற, கரையலன்னு நினைச்சிட்டு இருக்கறது வேற. 3 மாசத்துக்கு ஒருக்கா வர்ற வட்டில ஒரு 5,000 ஆவது எடுத்து ஆர்.டி.ல (மாசா மாசம் கட்டற டெபாசிட்) போட்டு வைங்க. நம்ம ஊர்ல பெரிய வைத்தியம்னா கோயம்புத்தூர் தான் இறங்கணும், கார் வாடகை, தங்கறது, ஆஸ்பத்திரி பில்லு எல்லாம் அரசாங்கம் சொல்ற சராசரி விலையேத்தத்த விட வேகமா ஏறலாம், வயசானவங்க வீட்டுக்கு அதுதான் பெரிய செலவு. 10 லட்சத்தையும் அந்த சீனியர் சிட்டிசன் திட்டத்துலயே போட்டுடாதீங்க, 5 வருஷத்துக்குள்ள எடுத்தா பிடித்தம் இருக்கு. ஒன்றரை லட்சமாவது கைக்கு எட்டற மாதிரி சேவிங்ஸ்லயோ சின்ன டெபாசிட்லயோ இருக்கட்டும். அப்பறம் அம்மாவ ஜாயிண்ட்டா சேர்த்துடுங்க, நாமினி பேரும் அன்னைக்கே எழுதிடுங்க.