நோட்டிலிருந்து ஆப்புக்கு: பத்துக் குடித்தனக் கணக்கை மாற்றிய அனுபவம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஏழு போர்ஷன், தண்டையார்பேட்டையில் இன்னும் மூன்று வீடு, ஆக மொத்தம் பத்துக் குடித்தனம். அப்பா இருந்தவரை எல்லாக் கணக்கும் ஒரே நீள நோட்டில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குத் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அந்த நோட்டு ஊறிப்போய்விட்டது. மாடியில் காயவைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். இங்க் பேனா எழுத்து, பாதி கலைந்திருந்தது. மாடி போர்ஷன்காரர் கொடுத்த அட்வான்ஸ் 35,000 ரூபாயா 85,000 ரூபாயா என்று அம்மாவும் நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. கடைசியில் அவரே தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பா கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்து வந்து காட்டினார். 35,000. அவர் 85 என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம், மறுத்துப் பேச எங்களிடம் எதுவும் இல்லை.

அப்புறம் போனில் வாடகைக் கணக்கு வைக்கும் ஒரு ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டினேன், பெயர் வேண்டாம். பெரிய அடுக்குமாடிகளை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள்போல, மாதத்துக்கு ஒரே தவணைதான் அதற்குத் தெரியும். எங்கள் பக்கம் 5ஆம் தேதி பாதி, 15ஆம் தேதி மீதி என்று கொடுப்பவர்கள் அதிகம். பாதி வாங்கிப் பதிந்தாலும் முழு வாடகையும் பாக்கி என்று குடித்தனக்காரருக்குத் தானாகவே மெசேஜ் போய்விடும். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அக்கா ஒருநாள் கூடையை வாசலில் இறக்கிவைத்து, போனை என்னிடம் நீட்டி, "முந்தாநாள்தானே தம்பி உன் கையில நாலாயிரம் கொடுத்தேன், இது என்னா?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. மனுஷரை மதிக்காத கணக்கு நமக்கு எதற்கு?

கரண்ட் கணக்கு அதைவிட மோசம். மூன்று போர்ஷன் ஒரே சர்வீஸில், அதாவது ஒரே கரண்ட் இணைப்பில், யார் எவ்வளவு எரித்தார்கள் என்று தனித்தனியாகக் காட்டும் சப் மீட்டர் வைத்து ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும், மூன்று குடும்பத்து யூனிட்டும் ஒன்றாகச் சேரும்போது எல்லாருக்குமே கூடுதல். அதை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்பதுதான் சண்டையே. அந்த ஆப்பில் இதற்கு இருந்தது "இதர கட்டணம்" என்று ஒரே கட்டம்.

போன வருஷம் வேறொன்றுக்கு மாறினேன். இதில் சப் மீட்டர் ரீடிங்கைப் போட்டோவோடு ஏற்றலாம், அது குடித்தனக்காரர் போனுக்கும் போகும். அட்வான்ஸுக்குத் தனிக் கணக்கு உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் செலவு கழித்தது, மீதி கொடுத்தது எல்லாம் அதிலேயே நிற்கிறது. பாதி வாடகைக்கும் தமிழில் ரசீது போகிறது. இப்போது கரண்ட் சண்டை கிட்டத்தட்ட இல்லை.

மாறியதில் பட்ட கஷ்டம் ஒன்றுதான், ஆனால் பெரிது. பழைய ஆப் கணக்கை எக்ஸெலில் தரவில்லை, பிடிஎஃப் மட்டும்தான். நானும் என் சொந்த அக்கா மகளும் மூன்று ராத்திரி உட்கார்ந்து கையால் ஏற்றினோம். பணம் கட்டும் முன்பே "என் கணக்கை முழுசாக வெளியே எடுக்க முடியுமா" என்று கேட்டுவிடுங்கள். மாறுவதென்றால் கரண்ட் ரீடிங் எடுத்த மறுநாளில் மாறுங்கள், பழைய பில் பாதியில் தொங்காது.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பதில்:
அண்ணா, எங்களுக்கு நாலு வீடுதான். பையன் நம்பரில் கணக்கு திறந்தோம். அவன் துபாய் போய் அந்த சிம் கட் ஆனதும் ஓடிபி வராமல் இருபது நாள் உள்ளேயே போக முடியவில்லை. வீட்டில் இருப்பவர் நம்பரில் திறங்கள். இன்னொன்று, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் இல்லையா, அந்தப் பதிவு எண்ணைப் போட உங்கள் ஆப்பில் இடம் இருக்கிறதா?

முதலில் எழுதியவர்:
இருக்கிறதும்மா, ஒப்பந்தம் முடியும் தேதிக்குப் பக்கத்திலேயே. பத்தில் ஆறுக்குப் பதிந்தாயிற்று. மாடிக்காரருடையதை இந்த வாரம் போடுகிறேன், அப்பா கொடுத்த அந்தச் சீட்டையும் போட்டோ எடுத்து அதோடு சேர்த்துவிட்டேன்.