முதலாமாண்டு சேரும் முன்: மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பவர்கள் சொல்வது

இழையைத் தொடங்குபவர்

பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு சேரப்போகும் பிள்ளைகளுக்காக இதைத் தொடங்குகிறேன். ஆலோசனை மேசை, நூலகம், லேப், விடைத்தாள் திருத்தும் அறை என்று மாணவர்களை நாள்தோறும் பார்க்கிறவர்கள் எழுதுங்கள். முதல் செமஸ்டரில் அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள், ஏன், அதைத் தவிர்க்க என்ன செய்வது, இவ்வளவு போதும். "நன்றாகப் படி" என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். நாளைக் காலையே செய்துபார்க்கக் கூடியதாக இருக்கட்டும்.

கல்வி ஆலோசகர்

கிரெடிட் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாவது வாரத்தில் திணறிக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் புரிந்திருக்காது.

கிரெடிட் என்பது வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் இல்லை; அந்தப் பாடத்துக்கு நீங்கள் போட வேண்டிய மொத்த உழைப்பு. ஐரோப்பிய முறையில் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம். பிரிட்டனில் ஆண்டுக்கு 120, ஒன்றுக்கு 10 மணி நேரம். அமெரிக்க முறையில் ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு என்று கணக்கு. அதன்படி 15 கிரெடிட் எடுத்தால் வகுப்பு 15 மணி, வெளியே 30 மணி, ஆக வாரத்துக்கு 45 மணி. ஆனால் கால அட்டவணையில் கண்ணுக்குத் தெரிவது 15 மணி மட்டும்தான். வாரமே காலியாகக் கிடப்பதுபோல் இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். முதல் வாரமே அட்டவணையை அச்செடுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய இரண்டு மணி நேரத்தை அதே நாளிலோ மறுநாளிலோ பேனாவால் குறித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தால் அது நடப்பதே இல்லை.

அடுத்தது, ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வகுப்பில் கொடுக்கும் பாடத்திட்டத் தாள். அதில் நான்கு விஷயம் தேடுங்கள்: தேர்வு மற்றும் அசைன்மென்ட் தேதிகள், எதற்கு எத்தனை சதவீத மதிப்பெண், தேர்ச்சிக்கான குறைந்தபட்ச நிபந்தனை, தாமதமானால் எவ்வளவு கழிப்பார்கள். ஒரே தாளில் வாரங்களை வரிசையாகவும் பாடங்களை நெடுக்கையாகவும் போட்டுத் தேதிகளை நிரப்புங்கள். நிரப்பி முடித்ததும் ஏதாவது ஒரு வாரத்தில் மூன்று பாடங்கள் மோதிக்கொண்டு நிற்பது தெரியும். அந்த வாரத்துக்கான வேலையை இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

குறைந்தபட்ச நிபந்தனையில்தான் கண்ணீர் அதிகம். இன்டர்னல் 40, இறுதித் தேர்வு 60 என்று வையுங்கள். இன்டர்னலில் 35 எடுத்த பிள்ளை இறுதித் தேர்வில் 20 எடுத்தால் மொத்தம் 55, பாஸ் என்றுதான் தோன்றும். ஆனால் இறுதித் தேர்வில் மட்டும் தனியாக 40 சதவீதம் வேண்டும் என்று விதி இருந்தால், 24 எடுத்திருக்க வேண்டும். நான்கு மதிப்பெண்ணில் பாடம் போய்விடும். இந்த விதி எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள்.

பாடத்தைக் கைவிடுவதற்கும் தேதி உண்டு, பெரும்பாலும் இரண்டு. முதல் தேதிக்குள் விட்டால் சான்றிதழில் தடயமே இருக்காது. இரண்டாவது தேதிக்குள் விட்டால் "விலகினார்" என்ற குறிப்போடு நிற்கும். அதற்குப் பிறகு தோல்விதான். முதல் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருப்பார்கள். அந்த மதிப்பெண் முதல் தேதி கடந்த பிறகுதான் பல நேரம் வெளியாகும். ஆகவே தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியரிடம் நேரில் போய், "இதுவரை என் நிலை எப்படி?" என்று கேளுங்கள்.

தேர்வுப் பிரிவில் இருப்பவர்

மேலே சொன்னதோடு சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "முதலாமாண்டு எப்படியோ போகட்டும், கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

10 புள்ளி அளவில், செமஸ்டருக்கு 20 கிரெடிட், எட்டு செமஸ்டர், மொத்தம் 160. இலக்கு 7.5. இரண்டு செமஸ்டர் முடிவில் 6.5 இருந்தால், மீதி ஆறிலும் சராசரி 7.83 எடுத்தால் போதும். நான்கு முடிந்தும் 6.5 என்றால் மீதியில் 8.5 வேண்டும். ஆறு முடிந்தும் 6.5 என்றால் வேண்டியது 10.5. அப்படி ஒரு மதிப்பெண்ணே கிடையாது.

கிரெடிட் எடையையும் மறக்கிறார்கள். 4 கிரெடிட் பாடத்தில் 6, 2 கிரெடிட் பாடத்தில் 10 என்றால் சராசரி 8 இல்லை. 24 கூட்டல் 20, வகுத்தல் 6, அதாவது 7.33. எளிதான சின்னப் பாடத்துக்கு ராத்திரி விழித்துவிட்டுப் பெரிய பாடத்தை நழுவவிடுவது எவ்வளவு நஷ்டம் என்று இதிலேயே தெரியும்.

வருகைப்பதிவு 75 சதவீதம் கட்டாயமுள்ள இடங்களில், 45 வகுப்புள்ள பாடத்துக்கு 11 நாள் வரை போகாமல் இருக்கலாம். 12 முறை மட்டுமே நடக்கும் லேபுக்கு வெறும் 3. இந்த எண்ணைச் செலவழிக்கக் கிடைத்த பணம்போல் முதல் மாதமே தீர்த்துவிட்டு, பிறகு உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்

புத்தகத்தை நான்கு முறை படித்தேன், ஆனால் தேர்வில் வரவில்லை. இந்தப் புகாரை ஒவ்வொரு செமஸ்டரும் கேட்கிறோம். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே நான்கு முறை படித்திருப்பார்கள். முறைதான் தவறு.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. திரும்பப் படிக்கும்போது "தெரியும்" என்ற நிம்மதி வருகிறதே, அது அந்த ஐந்து நிமிடத்துக்கு உண்மை. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். நோட்டில் இடப்பக்கம் சுமார் 6 செ.மீ. விட்டுக் கோடு போடுங்கள், கீழே 5 செ.மீ. விடுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை இது. வலப்பக்கம் வகுப்பில் கேட்பதை எழுதுங்கள். அன்று மாலை இடப்பக்கத்தில் அதைக் கேள்விகளாக மாற்றுங்கள், கீழே இரண்டு வரியில் சாரம். ஒரு வாரம் கழித்து வலப்பக்கத்தைத் தாளால் மூடி, கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். திக்கும் கேள்விக்கு மட்டும் புள்ளி வையுங்கள். அடுத்த முறை புள்ளி உள்ளவை மட்டும். நிறையப் பேர் கோடு போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். இடப்பக்கம் காலியாகவே இருக்கும். அந்த நோட்டும் பழைய நோட்டும் ஒன்றுதான்.

தேர்வு அறையில் நேரம் பற்றி ஒன்று. 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 10 மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம். 18 ஆனதும் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். நன்றாகத் தெரிந்த கேள்விக்கு 40 நிமிடம் எழுதினாலும் 10-க்கு மேல் போட முடியாது. கடைசிக் கேள்வி வெறுமையாக இருக்கும் தாளில், முதல் விடை ஆறு பக்கம் ஓடியிருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

நூலகர்

"புத்தகம் இருப்பதாகக் கணினி காட்டுகிறது, அலமாரியில் இல்லை." வருகிறவர்களில் பலருக்குப் புத்தகம் அங்கேதான் இருக்கும், தேடிய இடம்தான் வேறு. மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட பகுப்பு முறையில் புள்ளிக்குப் பின் வருவது தசமம். 519.24 (நிகழ்தகவுப் பரவல்கள்) முன்னால் இருக்கும், 519.5 (புள்ளியியல்) பின்னால் இருக்கும். 24 என்பது 5-ஐவிடப் பெரியது என்று நினைத்து 519.5-க்குப் பின்னால் தேடுவார்கள். முதுகில் உள்ள எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இடமிருந்து ஒப்பிடுங்கள், கிடைத்துவிடும். அதன் கீழே உள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஆசிரியர் பெயரிலிருந்து வருபவை.

கிடைத்ததும் உடனே திரும்பாதீர்கள், அலமாரியில் பக்கத்தில் இரண்டு அடி தூரம் இருக்கும் புத்தகங்களையும் பாருங்கள். ஒரே பொருள் என்பதால்தான் ஒன்றாக நிற்கின்றன. ஆசிரியர் பரிந்துரைத்த நூல் புரியாதபோது, அதே விஷயத்தை எளிமையாகச் சொல்லும் இன்னொன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆய்வுக் கட்டுரை முதலில் மிரட்டும். தொடக்கத்திலிருந்து வரி வரியாகப் போகாதீர்கள். சுருக்கம், படங்களும் அட்டவணைகளும், முடிவுரை, இந்த வரிசையில் பாருங்கள். தேவை என்று தோன்றினால் மட்டும் முறையியல் பகுதி. மேற்கோள் பட்டியலை ஏஐ கருவியிடம் கேட்டு வாங்கி வருகிறவர்கள் இப்போது அதிகம். அவற்றில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும். ஆசிரியர் பெயர், இதழ் பெயர் எல்லாம் நிஜம்போலவே தோன்றும். கட்டுரையின் டிஓஐ எண்ணை (அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாள எண்), அது 10 என்றுதான் தொடங்கும், டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கும் கட்டுரையின் தலைப்பு பொருந்தாவிட்டால் அதைச் சேர்க்காதீர்கள்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்

நூலகர் சொன்னதோடு ஒட்டி: ஒப்புமை அறிக்கையில் (உங்கள் எழுத்து பிற மூலங்களோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டுவது) 18 சதவீதம் என்று வந்ததும் பயந்து அழுகிறார்கள். அந்த எண் தீர்ப்பு இல்லை. மேற்கோள் குறிக்குள் உள்ளவை, நூற்பட்டியல், தலைப்புப் பக்கம் எல்லாம் அதில் சேரக்கூடும். மாறாக, 6 சதவீதமாக இருந்தாலும் அது முழுக்க ஒரே பத்தியில் ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால் பிரச்சினை. மூல வாக்கியத்தில் நான்கு சொல்லை மட்டும் மாற்றி எழுதுவதும் திருட்டாகத்தான் கருதப்படும். குறிப்பெடுக்கும் நேரத்திலேயே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து எது உங்கள் வாக்கியம், எது புத்தகத்தின் வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது. வேண்டுமென்றே திருடுகிறவர்களைவிட இப்படி மாட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் வருத்தம் அதிகம்.

வேதியியல் லேப் பொறுப்பாளர்

லேப் பற்றி யாரும் எழுதவில்லை.

செய்முறையை முந்தைய நாளே படித்து, கணக்கை வீட்டிலேயே போட்டு வாருங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார் (ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்ற செறிவு அளவு). அதிலிருந்து 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் ஏறக்குறைய 8.3 மி.லி. போதும். இந்தக் கணக்கை அங்கே வந்து போடத் தொடங்கினால் இருபது நிமிடம் போய்விடும், அவசரத்தில்தான் விபத்து. குடுவையில் முதலில் தண்ணீர், அதில் அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள், பிறகு குறி வரை நீர். ஒருபோதும் அமிலத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெப்பத்தில் மேலே தெறிக்கும். பாதத்தை முழுக்க மூடும் ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி, கட்டிய முடி, இதில் பேரம் இல்லை.

பியூரெட் (அளவுக் கோடுகளும் கீழே திறந்து மூடும் குழாயும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழல்) அளவு ஒத்துவரவில்லை என்று கூப்பிட்டால் முதலில் இரண்டு இடம் பார்ப்போம். ஒன்று, மேலே புனல் அப்படியே நிற்கும். அதில் ஒட்டியிருக்கும் துளி நடுவில் விழுந்து மட்டத்தை உயர்த்திவிடும். செலவான அளவு குறைவாகத் தெரியும். இரண்டு, குழாய் முனையில் காற்றுக் குமிழ். பாதியில் அது வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பிய கரைசலும் செலவுக் கணக்கில் சேர்ந்துவிடும். அளவு கூடுதலாகத் தெரியும். ஆகவே நிரப்பியதும் புனலை எடுங்கள், குழாயைச் சட்டென்று திறந்து குமிழை வெளியேற்றுங்கள், அதன் பிறகுதான் தொடக்க அளவைக் குறியுங்கள். கண் மட்டத்தில் வைத்து, திரவ மட்டத்தின் வளைவின் அடிப்பகுதியைப் பார்த்து, 0.05 மி.லி. வரை.

அளவுகளைத் துண்டுத்தாளில் எழுதாதீர்கள். நேராக ரெக்கார்டு நோட்டில், பேனாவால். தப்பானால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். அடித்தல் உள்ள நோட்டுக்கு மதிப்பெண் குறையாது. எல்லா எண்ணும் கச்சிதமாகப் பொருந்தும் நோட்டைத்தான் சந்தேகத்தோடு பார்ப்போம்.

கணினி உதவி மேசை

சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பை மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். மடிக்கணினியும் பென்டிரைவும் ஒரே பையில் இருந்தால், பை தொலைந்தால் இரண்டும் போச்சு. அசைன்மென்டைப் பிடிஎஃப் ஆக மாற்றியே பதிவேற்றுங்கள், இல்லையென்றால் உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். பதிவேற்றியதும் அதைத் திரும்பத் தரவிறக்கித் திறந்து பாருங்கள். பாதி நிரம்பிய வரைவை அனுப்பியவர்களும், வெற்றுக் கோப்பை அனுப்பியவர்களும் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாதவர்கள்தான். ஏற்றுக்கொண்டதற்கான ரசீது எண்ணைப் படமெடுத்து வையுங்கள்.

கல்வி ஆலோசகர்

கடைசித் தேதி தள்ளிக் கேட்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், கூச்சத்தாலேயே பலர் கேட்பதில்லை. தேதிக்கு முன் கேட்டால் விதியில் இடம் இருக்கலாம். தேதி கடந்த பிறகு கேட்டால் ஆசிரியர் விரும்பினாலும் கை கட்டப்பட்டிருக்கும். மின்னஞ்சல் தலைப்பில் பாடக் குறியீடும் உங்கள் பதிவு எண்ணும் இருக்கட்டும். உள்ளே நான்கு வரி: என்ன நடந்தது, எந்த வேலை பாதித்தது, இதுவரை எவ்வளவு முடித்திருக்கிறீர்கள், எந்த நாளுக்குள் தருவீர்கள். நீங்களே ஒரு தேதி சொல்வது முக்கியம், அப்போதுதான் ஒரு வரியில் சம்மதம் வரும். மருத்துவச் சான்று இருந்தால் அன்றே இணைத்துவிடுங்கள்.

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், இரண்டு வாரமாக வகுப்புக்கு எழ முடியாமல் இருந்தால், அதுவும் ஆலோசனை மையத்துக்குப் போகக்கூடிய காரணம்தான். பாடத்தில் தோற்ற பிறகுதான் போக வேண்டும் என்று இல்லை. முன்கூட்டியே வந்தால் பாடச் சுமையைக் குறைக்கவும், தேவைப்பட்டால் ஒரு செமஸ்டர் இடைவெளி எடுக்கவும் வழி இருக்கிறது.

கணினி உதவி மேசை

ஒன்று விட்டுப்போச்சு. "வெள்ளிக்கிழமை இரவு 12 மணி" என்று போட்டிருந்தால் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கணினியில் வெள்ளி 00:00 என்பது வியாழக்கிழமை ராத்திரி முடியும் நொடி. ஒரு முழு நாள் இருக்கிறது என்று நினைத்து வெள்ளி மாலை வந்து நிற்கிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் உண்டு.

இழையைத் தொடங்குபவர்

23:59 என்று போட்டிருந்தால்?

கணினி உதவி மேசை

அன்று ராத்திரியேதான், குழப்பம் இல்லை. ஆனால் எல்லோரும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏற்றுவதால் தளம் மெதுவாகும். மாலையிலேயே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள். மாற்றி ஏற்ற அனுமதி இருந்தால், பிறகு திருத்தியதைப் போட்டுக்கொள்ளலாம்.